வட்டி மீட்டரை மெதுவாக ஓட்டுவது எப்படி?

மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை



மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் மூன்று முறை வகுப்புக்கே வந்துவிட்டார். "கவிதை மட்டும் வேண்டாம்டா சாமி, ஏற்கெனவே நாற்பது வந்து கிடக்குது. உருப்படியா ஏதாவது எழுது" என்றார். எனக்குத் தெரிந்த உருப்படியான விஷயம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டுக் கடனுக்கு வட்டி எப்படி ஓடுகிறது, அதை எப்படிக் கொஞ்சம் மெதுவாக ஓட வைத்தோம் என்பது. 'நமக்கெதுக்கு வீட்டுக் கடன்?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்மில் பாதிப் பேர் வீட்டில் இப்போதே இந்த மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. மீதிப் பாதிப் பேர் வேலைக்குப் போய் ஐந்தாறு வருடத்தில் தாமாகவே போய்க் கையெழுத்துப் போடத்தான் போகிறோம்.

எங்கள் அப்பா கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டர்னர். 20 லட்சம் ரூபாய் கடன் வாங்கி வீடு கட்டினார். 20 வருடக் கடன், வட்டி 8.5 சதவீதம், மாதத் தவணை 17,356 ரூபாய். (இது ஃப்ளோட்டிங் வட்டி. இடையில் ஏறும், இறங்கும். கணக்கு குழம்பாமல் இருக்க, ஒரே விகிதம் என்றே வைத்துச் சொல்லிக்கொண்டு போகிறேன்.) ஒரு வருடம் முடிந்ததும் வங்கியிலிருந்து கணக்குத் தாள் வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார். கட்டியது 2,08,278 ரூபாய். கடனில் குறைந்திருந்தது வெறும் 39,804 ரூபாய்!

"ஏங் கண்ணு, இதுல ஏதாச்சும் தப்பு இருக்குதா பாரு. நீதான் கணக்குல நூறு மார்க்கு வாங்குனவனாச்சே!"

பார்த்தேன். தப்பே இல்லை. முதல் மாதம் 20 லட்சத்துக்கு வட்டி மட்டும் 14,167 ரூபாய். நாம் கட்டும் 17,356-ல் அது போக 3,189 ரூபாய்தான் அசலைக் கடிக்கிறது. அடுத்த மாதம் அசல் அந்த மூவாயிரத்துச் சொச்சம் குறைந்திருப்பதால் வட்டி ஒரு 23 ரூபாய் குறையும். இப்படி ஆமை நடையாகப் போய், பாதித் தூரம் தாண்டிய பிறகுதான் அசல் வேகமாகக் கரையத் தொடங்கும். 20 வருடமும் கட்டி முடித்தால் வட்டி மட்டும் 21 லட்சத்து 65 ஆயிரம். அதாவது, வாங்கிய கடனைவிட வட்டி அதிகம்.

அன்று ராத்திரிதான் இன்னொரு விஷயம் என் மண்டையில் ஏறியது. அதே வங்கியில் அப்பாவின் சேமிப்புக் கணக்கில் 3 லட்சம் ரூபாய் இருந்தது. அக்கா கல்யாணத்துக்காக அம்மா கட்டிய சீட்டுப் பணமும், அப்பா வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த போனசும். அதற்கு வங்கி கொடுக்கும் வட்டி 2.5 சதவீதம். ஒரே வங்கி! நம்முடைய 3 லட்சத்துக்கு 2.5 கொடுத்துவிட்டு, நமக்குக் கொடுத்த 20 லட்சத்துக்கு 8.5 வாங்குகிறது.

இங்கேதான் நம் துறைப் பாடம் கைகொடுத்தது. மின்சார மீட்டர் எதை அளக்கிறது? லோடு எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஓடியது, இரண்டையும் பெருக்கி யூனிட். வட்டியும் அச்சாக அப்படித்தான். பாக்கி எவ்வளவு, எத்தனை நாள் இருந்தது, அவ்வளவுதான். வங்கிக்காரர்கள் சூத்திரம் இது: பாக்கி × நாட்கள் × வட்டி விகிதம் ÷ 36,500. இதில் 20 லட்சத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 466 ரூபாய் வரும். நாம் தூங்கும்போதும், பொங்கல் லீவிலும், மாட்னி ஷோ பார்க்கும்போதும் 466 ரூபாய். அதே கணக்கில் 3 லட்சத்தின் பங்கு நாளைக்கு 70 ரூபாய். சேமிப்புக் கணக்கில் அந்த 3 லட்சம் சம்பாதிப்பதோ நாளைக்கு இருபது ரூபாய் ஐம்பது காசு. ஆக, அந்தப் பணம் அங்கே சும்மா உட்கார்ந்திருப்பதால் தினமும் கிட்டத்தட்ட 50 ரூபாய் கைவிட்டுப் போகிறது.

(நாள் கணக்கு என்பது நம் தலைமுறைக்குச் சாதாரணம். ஆனால் 2010 ஏப்ரல் 1-க்கு முன்னால் சேமிப்புக் கணக்குக்கு மாதம் 10-ந்தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருக்கும் மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. அதனால்தான் எங்கள் தாத்தா இன்றைக்கும் "பத்துத் தேதிக்குள்ள பேங்க்ல போட்ரோணும்" என்று நச்சரிப்பார். பாவம், அவருக்கு ரிசர்வ் வங்கி விதியை மாற்றியது யாரும் சொல்லவில்லை.)

"அப்படின்னா அந்த மூணு லட்சத்தைக் கடன்ல கட்டிப்புடலாங்களேப்பா" என்றேன். சட்டப்படி தடை ஒன்றும் இல்லை. ஃப்ளோட்டிங் வட்டியில் உள்ள வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டுவிட்டது. ஆனால் அப்பா ஒரே கேள்வியில் என்னை மடக்கினார்:

"கட்டுனா திரும்ப எடுக்க முடியுமா? நாளைக்கு மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்து நாள் குறிச்சுட்டா யாரு வாசல்ல போய் நிக்கிறது?"

சரியான கேள்வி. கடனில் கட்டிய பணம் போனது போனதுதான். கல்யாணத்துக்கு மறுபடி தனிநபர் கடன் என்று போனால் வட்டி இதைவிட எக்கச்சக்கம். பணம் நம்முடையதாகவும் இருக்க வேண்டும், வேண்டும்போது எடுக்கவும் முடிய வேண்டும், ஆனால் இருக்கிற வரைக்கும் கடன் வட்டியைக் குறைக்கவும் வேண்டும். இப்படி ஒரு வழி உண்டா?

உண்டு என்று சொன்னது மெல்போர்னில் இருக்கும் எங்கள் மாமா பையன். அவர் அங்கே வீடு வாங்கியிருக்கிறார். ஆஸ்திரேலியாவில் இது ரொம்பப் பழக்கமான ஏற்பாடாம். பெயர் 'ஆஃப்செட் கணக்கு'. வீட்டுக் கடனோடு இணைத்து ஒரு சாதாரணக் கணக்கு கொடுப்பார்கள். சம்பளம் அதில் விழும், கார்டு போட்டுச் செலவும் அதிலிருந்தே செய்யலாம். அந்தக் கணக்கில் உள்ள பணத்துக்கு வட்டி கிடையாது. அதற்குப் பதில், வட்டி போடும்போது கடன் பாக்கியிலிருந்து அந்த இருப்பைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் போடுவார்கள். கடன் 6 லட்சம் டாலர், கணக்கில் 60 ஆயிரம் டாலர் என்றால் 5 லட்சத்து 40 ஆயிரத்துக்குத்தான் வட்டி. நாளைக்கே 60 ஆயிரத்தையும் எடுத்துவிட்டால் நாளையிலிருந்து மறுபடி 6 லட்சத்துக்கு வட்டி. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

அங்கே இது இவ்வளவு பரவியதற்கு வருமான வரி ஒரு பெரிய காரணம். சேமிப்புக்கு வட்டி வந்தால் அது வருமானம், வரி கட்ட வேண்டும். ஆனால் கட்டாமல் தப்பித்த வட்டி வருமானம் ஆகாதே! அதுபோக, அங்கே தான் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு வரிச் சலுகையும் இல்லை. எனவே வட்டியைக் குறைப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

நெட் மீட்டரிங் படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மொட்டை மாடியில் சோலார் பேனல் இருக்கிறது. அது தயாரிக்கும் ஒரு யூனிட் நம் மின்விசிறிக்கே போனால், நாம் வெளியிலிருந்து வாங்க வேண்டிய ஒரு யூனிட் மிச்சம். முழு விலையும் மிச்சம். அதையே தனியாகக் கம்பிக்கு விற்றால் கிடைப்பது குறைந்த விலை. சேமிப்புக் கணக்கு என்பது 2.5-க்கு விற்பது. ஆஃப்செட் என்பது 8.5-க்கு வாங்காமல் தவிர்ப்பது. பேனல் ஒன்றுதான், வயரிங் வேறு!

நம் ஊரில் இதே சரக்கு வேறு உருவத்தில் இருக்கிறது. தனிக் கணக்கை இணைப்பதற்குப் பதில், வீட்டுக் கடனையே ஓவர்டிராஃப்ட் கணக்காகக் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்டேட் பாங்க் 'மேக்ஸ்கெய்ன்' என்ற பெயரில் கொண்டு வந்தது இந்த வகைதான். வேறு சில வங்கிகளிலும் வேறு வேறு பெயரில் உண்டு. நம்மிடம் உள்ள உபரியை அந்தக் கடன் கணக்கிலேயே போட வேண்டும். அன்றைய பாக்கி அந்த அளவு குறையும், அன்றிலிருந்தே வட்டியும் குறையும். எடுக்க வேண்டுமானால் காசோலையிலோ நெட் பாங்கிங்கிலோ எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கும். தவணை அட்டவணைப்படி மாதாமாதம் அந்த வரம்பு இறங்கிக்கொண்டே வரும். வரம்புக்கும் அன்றைய பாக்கிக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் கைப்பணம்.

தவணை மட்டும் குறையாது. இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 17,356 என்றால் 17,356-தான் போகும். ஆனால் அதில் வட்டிக்குப் போவது குறைந்து, அசலுக்குப் போவது கூடுகிறது. எங்கள் 20 லட்சக் கடனையே எடுத்துக்கொண்டு, முதல் நாளிலிருந்து 3 லட்சம் அசையாமல் பக்கத்தில் கிடக்கிறது என்று போட்டுப் பார்த்தேன். 168-வது மாதம், அதாவது 14-வது வருடம், கடன் பாக்கியும் நம் 3 லட்சமும் சமமாகிவிடும். அதற்கப்புறம் வட்டி பூஜ்யம். மொத்த வட்டி 21.65 லட்சத்துக்குப் பதில் 12.10 லட்சம். ஒன்பதரை லட்சம் மிச்சம் என்று தலைகால் தெரியாமல் குதித்தேன்.

குதித்தது அவசரம். அந்த 3 லட்சத்தை ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டிருந்தாலும் அது இத்தனை வருடத்தில் குட்டி போட்டிருக்குமே? அதைக் கழிக்காமல் ஒன்பதரை என்று சொல்வது வியாபாரிக் கணக்கு. ஒரு வருடத்துக்கு நேர்மையாகப் பார்த்தால், 3 லட்சம் கடன் பக்கத்தில் இருந்தால் 25,500 ரூபாய் மிச்சம். சேமிப்புக் கணக்கில் என்றால் 7,500 வரவு. டெபாசிட்டுக்கு 6.5 சதவீதம் என்று வைத்தால் 19,500 வரவு. அதற்கும் வரி வரலாம், கல்யாணத்துக்கு நடுவில் உடைத்தால் வட்டியும் வெட்டுவார்கள்.

இனி சோப்பு நுரையை ஊதிவிட்டுப் பார்க்கலாம். "சம்பளத்தை இதில் போட்டாலே போதும், வட்டி பாதியாகும்" என்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் தவணை போக மாதம் 30 ஆயிரம் ரூபாய் மிஞ்சும். ஒன்றாந்தேதி 30 ஆயிரம், முப்பதாந்தேதி பூஜ்யம் என்று சீராகச் செலவானால் சராசரி இருப்பு 15 ஆயிரம். அதற்கு 8.5 சதவீதம் வருடத்துக்கு 1,275 ரூபாய். ஒரு தீபாவளிக்குப் பட்டாசு வாங்கலாம், அவ்வளவுதான்! உண்மையான பலன் மாதச் சம்பளத்தில் இல்லை. கல்யாணம், காலேஜ் ஃபீஸ், வைத்தியம் என்று ஒதுக்கி வைத்து மாதக்கணக்கில் தூங்கும் பணத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று, இந்த வசதி இலவசம் இல்லை. எங்கள் வங்கியில் முதலில் விசாரித்தபோது "அப்படி ஒரு ஸ்கீமே கிடையாது" என்றார் கவுண்டரில் இருந்தவர். அப்பா விடாமல், "ஏனுங் சார், உங்க போர்டுலயே எழுதியிருக்குதுங்களே" என்று சுவரைக் காட்டிய பிறகுதான் மேனேஜர் உள்ளே கூப்பிட்டார். மாற்றித் தருகிறோம், ஆனால் வட்டி 8.75 ஆகும், மாற்றுக் கட்டணம் வரியோடு சேர்த்து 5,900 ரூபாய் என்றார். கால் சதவீதம்தானே என்று தோன்றும். 20 லட்சத்துக்குக் கால் சதவீதம் வருடத்துக்கு 5,000 ரூபாய்! அதை ஈடுகட்ட எவ்வளவு பணம் பக்கத்தில் கிடக்க வேண்டும்? போடும் ஒவ்வொரு நூறு ரூபாயும் 8.75 மிச்சம் பிடிக்கிறது, சேமிப்பில் கிடைத்திருக்கும் 2.5-ஐ இழக்கிறது. நிகரம் 6.25. ஐயாயிரத்தை 6.25 சதவீதத்தால் வகுத்தால் 80 ஆயிரம். ஆக, எந்நேரமும் 80 ஆயிரத்துக்கு மேல் போட்டு வைக்க முடியாதவர்களுக்கு இது நஷ்ட வியாபாரம். திரும்பத் தேவையே படாத பணம் கையில் இருப்பவர்களுக்கும் இது வேண்டாம். அவர்கள் பேசாமல் கடனில் கட்டித் தீர்த்துவிடலாம், கால் சதவீதமும் மிச்சம். பணம் இருக்கிறது, ஆனால் கைவிட மனமில்லை, கைவிடவும் முடியாது என்று இரண்டுங்கெட்டான் நிலையில் இருப்பவர்களுக்கான ஏற்பாடு இது. எங்கள் அப்பாவைப் போல.

வரி விஷயம் நம் நாட்டில் கொஞ்சம் வேறு. பழைய வரி முறையில் இருப்பவர்கள், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் வருடம் 2 லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம். வட்டி குறைந்தால் அந்தக் கழிவும் குறையும். புதிய முறையில் அந்தக் கழிவே இல்லை. யார் எந்த முறை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு எந்த முறையிலும் வரி வராது என்பதால் எங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை! இன்னும் ஒரு எச்சரிக்கை: பாக்கியைவிட அதிகமாகப் பணம் போட்டால் அந்த உபரிக்கு ஒரு பைசா கிடைக்காது. தவணை தவறினால் பணம் எடுக்கும் வசதியையும் வங்கி நிறுத்தி வைக்கலாம்.

சித்திரை பிறந்ததும் மாற்றினோம். 19,60,000 பாக்கி இருந்த கணக்கில் 3 லட்சத்தைப் போட்டோம். அடுத்த மாதம் அப்பா பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து தானே கணக்குப் போட்டார். 16,60,000 × 30 × 8.75 ÷ 36,500. வந்தது 11,938 ரூபாய். பழைய மாதிரி இருந்தால் 13,693 ரூபாய். வங்கித் தாளில் இருந்த தொகையோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் சாப்பிட வந்தார். இப்படி ஒத்துப் பார்ப்பது சந்தேகப் புத்தி இல்லை. ஆஸ்திரேலியாவிலேயே, ஆஃப்செட் கணக்கு உள்ளிட்டவற்றில் வாக்களித்த சலுகைகளை ஏராளமான வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கத் தவறியதற்காக ஏ.என்.இசட். வங்கிக்கு 2022-ல் நீதிமன்றம் இரண்டரைக் கோடி டாலர் அபராதம் விதித்தது. அத்தனை பேரும் மாதாமாதம் பென்சில் எடுத்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது.

ஐந்தாவது மாதம் எனக்குச் சபலம் தட்டியது. கல்லூரிக்கு வர ஒரு பைக். 90 ஆயிரம். "கடன் கணக்குல சும்மாதானேங்கப்பா கெடக்குது, எப்ப வேணாலும் எடுக்கலாமே" என்றேன். அப்பா தாளைக்கூடத் தேடவில்லை.

"தொண்ணூறாயிரம் எடுத்தா வருசத்துக்கு ஏழாயிரத்து எண்ணூத்தி எழுவத்தஞ்சு ரூவா வட்டி ஏறும். பெட்ரோல் வேற. உனக்குப் பஸ் பாஸ் இருக்குதில்ல?"

நான் சொல்லிக்கொடுத்த சூத்திரத்தை எனக்கே திருப்பிவிட்டார்! ஆனால் அவர் பயந்ததும் இதைத்தான். எடுக்க முடியும் என்பதுதான் இந்தக் கணக்கின் பலம், அதுவேதான் ஓட்டையும். மெல்போர்ன் மச்சான்கூட அந்தக் கணக்கில் இருந்ததை எடுத்துக் கார் மாற்றிவிட்டு, "வட்டி ஏன் இந்த மாசம் இவ்வளவு?" என்று மனைவியிடம் முழித்ததாகச் சொன்னார்.

பதினாலு மாதம் பணம் அங்கே இருந்தது. வைகாசியில் அக்காவுக்கு நிச்சயம் ஆனது. மண்டபத்துக்கு அட்வான்ஸ், நகை, துணிமணி என்று நான்கு தடவையாக 3 லட்சமும் வெளியே வந்தது. மனு இல்லை, ஜாமீன் இல்லை, யார் வாசலிலும் நிற்கவில்லை. கணக்கை முடித்துப் பார்த்தேன். மிச்சமான வட்டி ஏறத்தாழ 30,600. அதில் கால் சதவீதக் கூடுதல் 5,700, சேமிப்பில் வந்திருக்க வேண்டிய வட்டி 8,750, மாற்றுக் கட்டணம் 5,900, எல்லாம் போக நிகரம் பத்தாயிரத்துச் சொச்சம். லட்சக்கணக்கில் இல்லைதான். அக்கா கல்யாணத்தில் பந்தல்காரருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் கொடுத்த அட்வான்ஸ் அது என்று அம்மா சொல்லிக்கொள்கிறார்.

இப்போது கணக்கு காலி. ஆனால் கால் சதவீதக் கூடுதல் மட்டும் மாதம் 400 ரூபாயாக ஓடிக்கொண்டிருக்கிறது. 80 ஆயிரம் சேரும் வரை நஷ்டத்தில்தான் இருக்கிறோம். தையில் அம்மாவின் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு விழ வேண்டும். தள்ளு எவ்வளவு போகும் என்பதைப் பொறுத்து எண்பதோ எண்பத்தைந்தோ கைக்கு வரும். அப்பா இப்போதே காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.